சும்மா நெய்யக் கூடாதா?

போன மாதம் தோழர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பஞ்சமி நிலத்துக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர். வருசநாட்டில் காலனிச் சமுதாயக்கூடத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். அங்கே மூலையில் ஒரு கல்லூரி மாணவியும் ஒன்பதாவது படிக்கும் அவள் தம்பியும் ஒரு மரச்சட்டத்தில் நூல் கட்டி எதையோ நெய்துகொண்டிருந்தார்கள். தோழருக்கு முகம் மாறிவிட்டது. வெளியே வந்ததும் கேட்டார்: "படிக்கிற பிள்ளைகளத் தறியில உக்கார வைக்கிறீங்களா? ராஜாஜியால முடியாததை நீங்க செஞ்சு காட்டப் போறீங்களா தோழர்?"

அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. "அது சும்மா பொழுதுபோக்குக்குத் தோழர்" என்று முனகினேன். அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. "நமக்கென்ன பொழுதுபோக்கு?" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அந்தக் கடைசிக் கேள்விதான் ஒரு மாதமாக என் காதில் கிடக்கிறது. இது அதற்கான பதில். அவரும் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முதலில் அவருடைய கோபத்தில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்வார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துத் தமிழ்நாடே எதிர்த்தது. 1954இல் அவர் பதவியை விட்டு இறங்கினார், காமராஜர் வந்து அதைக் குப்பையில் போட்டார். நம்மில் பலர் இன்று பட்டதாரிகளாக இருப்பதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தை அறிவித்தபோதும் அதே நாற்றம் அடித்தது. 18 தொழில்கள், அதில் செருப்புத் தைப்பது, முடி வெட்டுவது, துணி வெளுப்பது எல்லாம் உண்டு. குடும்பத்தின் பாரம்பரியத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், வயது வரம்பை 18இலிருந்து 35க்கு உயர்த்துங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. நடக்கவில்லை என்றதும் ஏற்க மறுத்துத் தனியாக ஒரு கைவினைத் திட்டத்தை உருவாக்கியது. 18 வயதில் ஒரு பையனை எங்கே உட்கார வைக்க நினைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா? ஆகவே கைத்தொழில் என்ற சொல்லைக் கேட்டதும் தோழருக்குக் கை முறுக்கிக்கொண்டு வந்ததில் தப்பே இல்லை.

ஆனால் அந்த மரச்சட்டம் அங்கே வந்த கதையை அவர் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வயது 19. ஆண்டிபட்டிக்குப் போய்ப் படிக்கிறாள். அம்மா இலவங்காய் உடைக்கும் வேலைக்கும் முருங்கை பறிக்கும் வேலைக்கும் போகிறவர். பெண் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கோ வெளிநாட்டில் ஒரு பாட்டி மடியில் சட்டத்தை வைத்துக்கொண்டு கம்பளித் துண்டு நெய்யும் வீடியோ வந்திருக்கிறது. இவளுக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் காலொடிந்த பழைய கட்டில் கிடந்தது. அதன் சட்டத்தைத் தம்பியை விட்டு அறுத்து, ஆணி அடித்து, அம்மாவின் கிழிந்த பூனம் சேலையை நாடா நாடாகக் கிழித்து, பத்து நாளில் ஒரு சாண் அகலத்தில் ஒரு துணியை நெய்து எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். நடுவில் இடுப்பு சிறுத்து உடுக்கை மாதிரி இருந்தது. ஆனால் துணி. அவள் கையில் பிறந்த துணி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. "நல்லா இருக்கே. இன்னும் நாலு பேரச் சேத்துக்க. குழு வச்சு மிதியடி, பை மாதிரி செஞ்சா விக்கலாம். லோனுக்கு நான் கேட்டுப் பாக்குறேன்" என்றேன். சமூகவியல் எம்.ஏ., பத்து வருடக் களப்பணி, அத்தனையும் சேர்ந்து என் வாயில் வந்தது இதுதான்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "விக்கணுமாக்கா? சும்மா நெய்யக் கூடாதா?"

தோழர் கேட்டதும் நான் சொன்னதும் வேறு வேறு மாதிரித் தெரியும். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சேரிப் பிள்ளையின் கை சும்மா இருக்கக் கூடாது. ஒன்று படிப்புக்கு, இல்லையென்றால் பிழைப்புக்கு, இல்லையென்றால் போராட்டத்துக்கு. தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் அது எதையாவது செய்தால் நமக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. தொண்டு நிறுவனங்களைப் பாருங்கள். நம் ஊருக்கு வருகிற ஒவ்வொரு பயிற்சிக்கும் பெயர் 'வாழ்வாதாரம்'. மெழுகுவர்த்தி, பினாயில், ஊறுகாய், தையல். பணக்கார வீட்டுப் பெண் படம் வரைந்தால் அது ரசனை, நம் பெண் வரைந்தால் 'வருமானம் ஈட்டும் திறன்'. ஓய்வு என்பது உழைப்பிலிருந்து விலக்குப் பெற்றவர்களின் அந்தஸ்துச் சின்னம் என்று வெப்லன் 1899லேயே எழுதினார். நம் நாட்டில் அந்த விலக்கு பிறப்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

விலக்குப் பெற்றவர்கள் எப்படி நெய்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு சென்னையில் ஒரு வேலையாகப் போனபோது, நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று ஒரு நாள் நெசவுப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். கட்டணம் 3500 ரூபாய்; நண்பர் தயவில் எனக்கு இலவசம். ஏசி அறை, மூலிகைத் தேநீர், மேஜைமேல் அழகழகான சிறு தறிகள். சொல்லிக்கொடுத்த அம்மா நல்லவர்தான், பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஆனால் நாள் முழுக்க 'நம் பாரம்பரியம்', 'நம் முன்னோரின் தியானம்' என்றே பேசிக்கொண்டிருந்தார். யாருடைய முன்னோர்? குழித்தறியில் காலை விட்டு முதுகு வளைந்து நெய்த எந்த மனிதனும் அதைத் தியானம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே ஆண்டிபட்டி சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். பருத்திச் சேலைக்குப் பேர்போன ஊர்கள். கைத்தறி இருந்த பல வீடுகளில் இன்று விசைத்தறிச் சத்தம். மிச்சம் இருக்கும் கைத்தறிக்காரர் ஒருவரிடம் பேசினால், மகனை இதில் விடமாட்டேன் என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருப்பதாகச் சொன்னது. பத்தில் ஏழு பேர் பெண்கள். மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருமானம் 5000 ரூபாயைத் தாண்டவில்லை என்றும் அதே கணக்கு சொன்னது. 2015லிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் 7ஆம் தேதியும் தேசியக் கைத்தறி நாள் கொண்டாடுகிறோம். 2020 ஆகஸ்ட் 7க்குப் பத்து நாள் இருக்கும்போது அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். தறியின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நான் மூலிகைத் தேநீரை மறுபேச்சில்லாமல் குடித்திருப்பேன்.

சரி, அது நெசவுச் சாதிகளின் கதை, நமக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தம்பி தங்கைகள் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் அரசுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'கோலியன்' என்று ஒரு பெயர் இருக்கும். நெசவு செய்த பறையர்களுக்கு அந்தப் பெயர். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளில் இதை எழுதியிருக்கிறார். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலக் கல்வெட்டை வைத்து, அன்றே பறையருக்குள் நெசவுப் பறையர், உழவுப் பறையர் என்று இரண்டு பிரிவு இருந்ததையும் அவர் குறிக்கிறார். குஜராத்தில் வன்கர், ஆந்திராவில் மாலாக்களில் ஒரு பகுதி, விதர்ப்பாவில் மகர்கள் என்று முரட்டுத்துணி நெய்தவர்கள் தீண்டப்படாதவர்களாக இருந்திருக்கிறார்கள். ஊருக்குத் துணி கொடுத்திருக்கிறோம், கோவிலுக்குள் விடப்படவில்லை. ஆலைத் துணி வந்ததும் முதலில் படுத்தது முரட்டுத்துணிதான். தறி போனது, மிச்சம் இருந்தது கூலி.

நெய்தவர்களுக்கு உடுத்தவும் உரிமை இல்லை. 1930இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் தன் புத்தகத்தில் வரிசையாகக் கொடுத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. எங்கள் அம்மாச்சி சாகும்வரை வெள்ளைச் சேலையை இறுக்கிப் போர்த்திக்கொண்டேதான் தெருவில் நடந்தார். சின்ன வயதில் அது வழக்கம் என்று நினைத்தேன். அது பயம் என்று புரிய எனக்கு ஹட்டன் வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியமான ஒரு கதை பம்பாயில் இருக்கிறது. மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அன்றைய பஞ்சாலைகளில் நூற்புப் பகுதியில் தலித்துகளுக்கு வேலை உண்டு. நெசவுப் பகுதியில் கிடையாது. கூலி அதிகம் நெசவில். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஓடத்தில் தார் தீர்ந்து புதுத் தார் போடும்போது, ஓடத்தின் கண் வழியாக நூலை வாய் வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரே ஓடத்தில் பல பேர் வாய் படும். தலித்தின் எச்சில் பட்ட ஓடத்தில் நாங்கள் வாய் வைப்பதா என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். முதலாளியை எதிர்த்து ஒன்றாக நிற்கிறோம் என்று சொன்ன அதே தொழிலாளர்கள். 1928 ஏப்ரலில் தொடங்கிப் பெரிய வேலைநிறுத்தம் ஆறு மாதம் நடந்தது. இந்தத் தீண்டாமையை ஒழிப்பதையும் கோரிக்கையில் சேருங்கள், இல்லையென்றால் ஆதரவு இல்லை என்று அம்பேத்கர் நின்றார். கம்யூனிஸ்ட் தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலையாட்களைப் பிரித்து வைப்பது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அவர் எழுதியதற்குப் பின்னால் இப்படி ஒரு ஓடம் கிடக்கிறது. மனிதன் தன் விருப்பத்தாலும் திறமையாலும் தேர்ந்தெடுக்காத தொழிலில் மனசு எப்படிச் செல்லும் என்றும் அங்கேதான் கேட்கிறார். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டில் சட்டத்துக்கு நான் சொல்லும் நியாயம் இதுதான்.

நூற்பு நமக்கு, நெசவு அவர்களுக்கு. இது ஏதோ நூறு வருடத்துக்கு முந்திய பம்பாய் என்று நினைக்காதீர்கள். தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களின் காலனிகளில் வீட்டுக்கொரு பெண் நூற்பாலைக்குப் போய் வந்தவளாக இருப்பாள். சுமங்கலித் திட்டம், திருமணத் திட்டம் என்று அழகான பெயர்கள். மூன்று வருடம் விடுதியில் அடைந்து கிடந்து வேலை பார், கடைசியில் மொத்தமாகப் பணம், அது வரதட்சணைக்கு. 2011, 2014 ஆண்டுகளில் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட ஆய்வுகள் இந்த ஆலைகளைப் பற்றி உலகத்துக்குச் சொன்னன. அங்கே இருந்த பெண்களில் பெரும்பகுதி தலித்துகள் என்று பதிவு செய்தன.

அந்த மாணவியின் அக்காவும் அப்படிப் போனவர்தான். ஆலையின் பெயர் வேண்டாம். பஞ்சுத் தூசியில் வந்த இளைப்பு இன்னும் இருக்கிறது. ஒருநாள் தங்கை நெய்யும்போது பாவு இழை ஒன்று அறுந்துவிட்டது. இவள் முடிச்சுப் போடத் தடுமாறிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து அக்கா வந்தார், ஈரக் கையைச் சேலையில் துடைத்தார், இரண்டு முனையையும் பிடித்து ஒரு திருகு திருகினார். அறுந்த இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. பிறகு சட்டத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆறு வருசம் நூலாப் பாத்தேன். அது துணியாகுறத இப்பத்தான் பாக்குறேன்" என்றார். நான் எழுதிய எந்தக் கள அறிக்கையிலும் இப்படி ஒரு வாக்கியம் இல்லை.

சரி, எப்படித் தொடங்குவது என்று கேட்டு வகுப்புப் பிள்ளைகள் மட்டும் அல்ல, வேறு ஊர்த் தோழர்கள் இரண்டு பேரும் போன் பண்ணினார்கள். கடையில் விற்கும் மேஜைத் தறியை வாங்காதீர்கள், ஆயிரக்கணக்கில் விலை. ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில் நாலு மரச்சட்டம் போதும், மூலை ஆடாமல் இருக்க வேண்டும். மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு ஆணி, நேருக்கு நேர். அதில் மேலும் கீழுமாக நூலை ஓட்டினால் அது பாவு. தையல் நூல் வேண்டாம், அறுந்து உயிரை எடுக்கும். எண்ணில் 40, 60 என்று போட்டிருக்கும் தறி நூல் இன்னும் மெலிசு. ஒரு ராத்தலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை அடங்குகிறது என்பதுதான் அந்த எண், ஆக எண் கூடக் கூட நூல் மெலியும். சக்கம்பட்டியில் தறிக்காரர்களிடம் கழிவு நூல் கிடைக்கும். நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கிக்கொண்டால் பாவுக்குத் தாங்கும். எல்லா இழையும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும், விரலால் தட்டினால் ஒரே மாதிரி துள்ள வேண்டும். பாதி வேலை இதுதான். இதில் அவசரப்பட்டால் துணி முழுக்கப் பழிவாங்கும்.

ஊடைக்குப் பழைய சேலை, கைலி, பள்ளிச் சீருடை எதுவும் ஆகும். அரை அங்குல அகலத்தில் கிழித்துக்கொள்ளுங்கள். ஓடத்துக்குப் பதில் கோணி ஊசி. ஒன்றுவிட்டு ஒன்று இழையைத் தூக்க அடிக்கோலைக் கோத்துவிட்டு நிமிர்த்தினால் வழி திறக்கும். திரும்பி வரும்போது மற்ற இழைகளை ஊசியாலேயே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கை பழகிய பிறகு அந்த இழைகளை நூல் வளையத்தில் கோத்து ஒரு குச்சியில் கட்டிவிடலாம், பெரிய தறியில் விழுது செய்கிற வேலையை அது செய்யும். தறியில் அச்சு அடிக்கிற வேலையை இங்கே பல் அகன்ற சீப்பு செய்யும். எல்லோருக்கும் முதல் துணி உடுக்கையாகத்தான் வரும், ஊடையை விறைப்பாக இழுப்பதால். ஊடையை நேராகப் போடாமல் வில் மாதிரி வளைத்துப் போட்டு, பிறகு சீப்பால் அடித்தால் ஓரம் நேராக நிற்கும். இவ்வளவுதான். இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், கட்டில் உங்களுடையது என்றால்.

வருசநாட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு ஆசை வரும். எனக்கும் வந்தது. ஊரைச் சுற்றி இலவ மரம், கோடை வந்தால் பஞ்சு காற்றில் பறக்கிறது, அதிலேயே நூல் நூற்றால் என்ன? முயன்று பார்த்தோம். வழுக்கிக்கொண்டு போகிறது. பருத்தி இழையில் இயற்கையாகவே ஒரு முறுக்கு உண்டு, ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். இலவம் பஞ்சு மொழுமொழுவென்று உள்ளே காற்று நிரம்பிய குழல், பிடிப்பில்லை. அதனால்தான் அது தலையணைக்கும் மெத்தைக்கும் போகிறது. என் அம்மா கண்டமனூர்ப் பக்கம் இருபது வருடம் காய் உடைத்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, அடுத்தவர் மரத்துக் காயை. எங்கள் வீட்டில் கோரைப்பாய்தான். இலவு காத்த கிளி என்று பழமொழி சொல்கிறவர்கள் ஏமாந்த கிளியைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். காயை உடைத்தவளுக்கு அதில் ஒரு வரி இல்லை.

தோழருக்கு வருகிறேன். குலத்தொழிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள் என்றால், நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன். விட்டுவிட்டு எழுந்து போக முடியுமா? ராஜாஜி திட்டத்தில் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. சக்கம்பட்டி நெசவாளருக்குக் கடன் இருக்கிறது, அவருக்கும் இல்லை. நூற்பாலை விடுதியில் வாசலில் பூட்டே தொங்கியது. இந்தப் பெண் இன்று மாலை சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நாளைக்குப் புல்லாங்குழல் கற்கப் போனால் கேட்க ஆள் இல்லை. பறை அடிக்கக் கற்றுக்கொள்ளும் பல்கலைக்கழக மாணவர்களை நாம் கைதட்டி வரவேற்கிறோம். அது இழிவாக ஏவப்பட்ட வேலை, இன்று நாம் விரும்பி எடுத்த கலை என்று மேடையில் பேசுகிறோம். இழவு வீட்டுக்கு அடிக்க வா என்று கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லும் வலு வந்த பிறகுதான் அப்படிப் பேச முடிந்தது. தறிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? அதுவும் வாய் பட்டால் தீட்டு என்று நம்மை விரட்டிய தறிக்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது சென்னை வகுப்பு அம்மாவுக்கும் சேர்த்து. ஒரு சாண் துணி நெய்யப் பத்து நாள் ஆகிறது என்று தெரிந்தவள், கோ-ஆப்டெக்ஸ் கடையில் கைத்தறிச் சேலையை எடுத்து 'இவ்வளவு விலையா' என்று கேட்க மாட்டாள். நெசவாளிக்கு அதில் எவ்வளவு போகிறது என்று கேட்பாள். அந்தக் கேள்வியிலிருந்து தொழிற்சங்கத்துக்கு ரொம்ப தூரம் இல்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? ஒரு தலித் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்ட பிறகு, பெண்கள் தலைமை தாங்கும் சங்கம் ஒன்று, பாலியல் வன்முறைக்கும் சாதிக் கொடுமைக்கும் எதிராக உலகப் பிராண்டுகளைக் கையெழுத்துப் போட வைத்தது. நூலைத் தொட்டவர்கள் போட வைத்த கையெழுத்து அது. ஆனால் இதைச் சொல்லும்போதே பிடித்துக்கொண்டேன், மறுபடியும் அவள் நெசவுக்கு நான் ஒரு பயனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் நெய்தது சங்கத்துக்காக அல்ல. அந்தச் சிவப்புக் கரை பச்சைக்குப் பக்கத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக. அது போதும்.

லோன் பேச்சை நான் விட்டுவிட்டேன். குழுவும் இல்லை. இரண்டாவது துணி நேராக வந்தது. அதை வீட்டில் டி.வி.மேல் விரித்திருக்கிறார்கள். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டாள், செமஸ்டர் வருகிறதாம். "லீவுல பாத்துக்கலாம்க்கா" என்றாள். சட்டம் இப்போது தம்பி கையில். அவனுக்கு நெசவில் பெரிய அக்கறை இல்லை. தங்கள் கபடி டீம் பேரை எழுத்து எழுத்தாகத் துணியிலேயே நெய்துவிட முடியுமா என்று கேட்டான். 'ழ' வருகிற பேர். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறான். சுழி இன்னும் வரவில்லை.